நூறில் ஒருவருக்கு செலியாக் நோய் என்றால், எல்லோருக்கும் சோதனை செய்துவிடலாமா?

செலியாக் நோய் எத்தனை பேருக்கு வரும் என்று 1970களில் ஒரு மருத்துவரிடம் கேட்டிருந்தால், ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு வரும் அபூர்வ நோய் என்று சொல்லியிருப்பார். இன்று அதே கேள்விக்குப் பதில், ஏறக்குறைய நூறில் ஒருவர். நடுவில் நோய் இத்தனை மடங்கு பெருகிவிட்டதா? கொஞ்சம் கூடியிருப்பது உண்மைதான். ஆனால் பெரிய காரணம் வேறு. முன்பெல்லாம் வயிற்றுப்போக்கோடு மெலிந்துபோன குழந்தையைப் பெற்றோர் தூக்கிக்கொண்டு வந்த பிறகுதான் மருத்துவர்கள் இந்த நோயைப் பற்றி யோசித்தார்கள். பிறகு ரத்தச் சோதனை வந்தது. நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர்களின் ரத்தத்திலும் தேடினார்கள். தேடிய இடத்திலெல்லாம் நோய் கிடைத்தது.

கிடைக்கிறது என்றால் எல்லோரையும் சோதித்துவிட வேண்டியதுதானே என்று உடனே தோன்றும். அந்தக் கேள்விக்குப் போகும் முன் நோயைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அது இந்தப் புரதத்தால்தான். சிலருடைய உடலில் இது சிறுகுடலுக்குள் போனதும் நோய் எதிர்ப்பு மண்டலம் இதை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. அத்தோடு நிற்காமல் குடலின் உட்சுவரையே தாக்குகிறது. சாப்பாட்டிலிருந்து சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் நாளடைவில் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. அப்புறம் என்ன சாப்பிட்டாலும் இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் எதுவும் சரியாக உடம்பில் சேராது. இதை ஒவ்வாமையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சாப்பிட்ட சில நிமிடங்களில் தடித்து அரிப்பது வேறு. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் குடலை அரிக்கும் இந்த நோய் வேறு.

காரணம் கோதுமைதான் என்று உறுதிப்படுத்தியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். அவருக்கு 1930களிலேயே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தைப் பஞ்சம் பிடித்தபோது ரொட்டி கிடைக்காமல் போனது. அந்தப் பஞ்சத்திலும் செலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்துக்கொண்டார்கள். இதற்கு இன்றுவரை உள்ள ஒரே சிகிச்சை, குளூட்டனை வாழ்நாள் முழுக்க விட்டுவிடுவது. மாத்திரை எதுவும் இல்லை. எல்லோரையும் சோதிக்கும் ஸ்க்ரீனிங் பற்றிய விவாதம் முழுக்க இதை ஒட்டித்தான் நடக்கிறது என்பதால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை எப்படிக் கிடைக்கிறது?

மூன்று விதமாக எண்ணலாம். ஏற்கெனவே நோய் என்று சொல்லப்பட்டவர்களை எண்ணுவது ஒன்று. இதில் எண்ணிக்கை மிகக் குறைவாக வரும். பொதுமக்களின் ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட ஆன்டிபாடியை, அதாவது நோய் எதிர்ப்பு மண்டலம் உண்டாக்கும் ஒரு புரதத்தை, தேடுவது இரண்டாவது. டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியை எதிர்க்கும் ஆன்டிபாடி அது; சுருக்கமாக டிடிஜி என்பார்கள். ரத்தத்தில் அது தெரிந்தவர்களுக்கு எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலிலிருந்து துளித்துளியாகச் சதை எடுத்து பயாப்ஸி பார்ப்பது மூன்றாவது.

உலகின் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2018-இல் வந்தது. அதன்படி, ரத்தத்தில் ஆன்டிபாடி இருப்பவர்கள் 1.4 சதவீதம், பயாப்ஸியில் உறுதியானவர்கள் 0.7 சதவீதம். ஒன்று மற்றதன் பாதி. இரண்டுமே சரியான எண்கள்தான். ரத்தத்தில் தெரிந்த எல்லோரும் எண்டோஸ்கோப்பிக்குச் சம்மதிப்பதில்லை. சிலருக்கு ரத்தச் சோதனை தவறாகக் காட்டியிருக்கும். இன்னும் சிலருக்கு ஆன்டிபாடி உண்மையாகவே இருக்கும், ஆனால் குடல் இன்னும் கெட்டிருக்காது. ‘நூறில் ஒருவர்’ என்பது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கும், பேச வசதியான எண். எங்காவது செலியாக் பற்றி ஒரு சதவீதத்தைப் படித்தால், ரத்தத்தை வைத்துச் சொல்கிறார்களா, பயாப்ஸியை வைத்துச் சொல்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது அமெரிக்காவின் ஒரு கணக்கு. 2009-10 தேசிய உடல்நல ஆய்வில் 7,798 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 35 பேருக்கு செலியாக் இருந்தது. அந்த 35 பேரில் 29 பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. அதே ஆய்வில் 55 பேர் குளூட்டன் இல்லாத உணவு சாப்பிடுவதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு செலியாக் என்று யாரும் சொன்னதில்லை. தேவைப்பட்டவர் பத்தியம் இருக்கவில்லை, பத்தியம் இருந்தவருக்குத் தேவை இருந்ததா என்று தெரியவில்லை.

தெரியாமல் இருக்கும் இந்தக் கூட்டத்தைத்தான் மருத்துவர்கள் பனிப்பாறை என்கிறார்கள். தண்ணீருக்கு மேல் தெரிவது வயிற்றுப்போக்கு, எடை குறைதல் என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடி வருபவர்கள். கீழே இருப்பவர்கள் பலவிதம். இரும்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருந்தும் ரத்தசோகை தீராத பெண். வகுப்பிலேயே குள்ளமாக இருக்கும் பையன். சின்ன வயதிலேயே எலும்பு மெலிந்தவர். காரணம் தெரியாமல் கருச்சிதைவு ஆகிறவர். கை கால் மரத்துப்போகிறது என்று நரம்பு மருத்துவரிடம் அலைகிறவர். இவர்களில் யாரும் வயிற்றைப் பற்றிப் பேசமாட்டார்கள், அதனால் மருத்துவருக்கும் குடல் நினைவுக்கு வராது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடல் மட்டும் தேய்ந்துகொண்டிருப்பவர்களும் உண்டு.

ஒரே மரபணு, வேறு வேறு எண்ணிக்கை

இந்த நோய் வருவதற்கு எச்எல்ஏ டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற மரபணு வகை வேண்டும். இரண்டும் இல்லாதவருக்கு செலியாக் வருவது மிக மிக அரிது. சரி, மரபணுவைச் சோதித்துவிட்டால் போதாதா? போதாது. மக்களில் 30 முதல் 40 சதவீதம் பேரிடம் இது இருக்கிறது. நோய் வருவதோ அவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குத்தான். ‘உனக்கு வராது’ என்று சொல்லத்தான் இந்தச் சோதனை உதவும். ‘உனக்கு இருக்கிறது’ என்று சொல்ல உதவாது.

மரபணுவும் குளூட்டனும் சேர்ந்தால் நோய் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவில் 23,331 பெரியவர்களைச் சோதித்த ஆய்வு 2016-இல் வெளியானது. மரபணு வடக்கிலும் வடகிழக்கிலும் தெற்கிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தது. ஆன்டிபாடி இருந்தவர்களோ வடக்கில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம். வடக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார். தெற்கில் 25 கிராம். காரணம் கிடைத்துவிட்டது என்று எழுந்துவிடலாம், வடகிழக்கைப் பார்க்காவிட்டால். அங்கே கோதுமை 37 கிராம்தான், ஆனாலும் ஆன்டிபாடி 0.87 சதவீதம்.

பின்லாந்துக்கும் அதை ஒட்டிய ரஷ்யக் கரேலியாவுக்கும் இதே கதைதான். மரபணு ஒத்துப்போகிறது, தானியம் சாப்பிடுவதும் ஒத்துப்போகிறது. ஆனால் பின்லாந்துக் குழந்தைகளில் 107 பேரில் ஒருவருக்கு நோய்; கரேலியாவில் 496 பேரில் ஒருவருக்கு. எல்லைக்கு இரண்டு பக்கமும் வேறாக இருப்பது வாழ்க்கை நிலையும் சிறுவயதில் வரும் தொற்றுகளும் என்பதால், அந்தப் பக்கம் ஆராய்ச்சியாளர்களின் கவனம் திரும்பியிருக்கிறது. இன்னொரு கோடியில் மேற்கு சகாராவின் சஹ்ராவிக் குழந்தைகள். 1999-இல் வெளியான ஆய்வில் அவர்களில் 5.6 சதவீதம் பேருக்கு செலியாக் இருந்தது.

ஆக, உலகம் முழுவதற்கும் ஒரே எண் என்று எதுவும் இல்லை. ஒரு நாட்டுக் கணக்கை இன்னொரு நாட்டுக்குப் போட முடியாது. காலமும் எண்ணை மாற்றுகிறது. அமெரிக்க விமானப்படை முகாம் ஒன்றில் 1948 முதல் 1954 வரை எடுத்து உறைய வைத்திருந்த 9,133 ரத்த மாதிரிகளைப் பிறகு எடுத்துச் சோதித்தார்கள். கண்டுபிடிக்கப்படாத செலியாக் 0.2 சதவீதம் பேருக்கு இருந்தது. அண்மைக்கால மாதிரிகளில் அது நான்கு மடங்குக்கு மேல். மரபணு ஐம்பது வருடத்தில் மாறாது, ஆகவே சூழலில் ஏதோ மாறியிருக்கிறது. ‘தேடியதால் கிடைத்தது’ என்பதோடு, கொஞ்சம் உண்மையாகவே கூடியும் இருக்கிறது என்று நான் சொன்னது இதை வைத்துத்தான்.

நல்ல சோதனை தவறாகச் சொல்லுமா?

இப்போது ஸ்க்ரீனிங். நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களையும் சேர்த்து எல்லோரையும் சோதிப்பது. டிடிஜி சோதனை நல்ல சோதனை. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: நோய் உள்ள 100 பேரில் 95 பேரைச் சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாத 100 பேரில் 98 பேரை இல்லை என்று சரியாகச் சொல்லும்.

பொதுமக்களில் 10,000 பேரைச் சோதிக்கிறோம். நூறில் ஒருவர் கணக்கில் 100 பேருக்கு நோய். அவர்களில் 95 பேர் சிக்குவார்கள், 5 பேர் தப்பிவிடுவார்கள். மீதி 9,900 பேருக்கு நோய் இல்லை. ஆனால் நூற்றுக்கு 2 பேரைத் தவறாகக் காட்டும் என்பதால் 198 பேருக்கு ‘பாசிட்டிவ்’ வரும். மொத்தம் பாசிட்டிவ் 293. அதில் உண்மையானது 95. அதாவது பாசிட்டிவ் என்று தாள் வாங்கியவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் நோய்.

அதே சோதனையை செலியாக் நோயாளிகளின் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என்று 10,000 பேருக்குச் செய்வோம். நெருங்கிய சொந்தத்தில் சுமார் 7.5 சதவீதம் பேருக்கு நோய் இருக்கும். 750 பேரில் ஏறக்குறைய 712 பேர் சிக்குவார்கள். நோய் இல்லாத 9,250 பேரில் 185 பேருக்குத் தவறான பாசிட்டிவ். இப்போது பாசிட்டிவ் வந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு உண்மையாகவே நோய்.

சோதனை மாறவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் மாறினார்கள், விடையின் அர்த்தமே மாறிவிட்டது. இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் செலியாக் மட்டுமல்ல, எந்த நோய்க்கும் ‘எல்லோரையும் சோதிப்போம்’ என்று யாராவது சொல்லும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்த நோய் இவர்களிடையே எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

பாசிட்டிவ் வந்த பிறகு என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஓடியாடி விளையாடும் ஒன்பது வயதுக் குழந்தை, பள்ளியில் எல்லோருக்கும் எடுத்ததுபோல் ரத்தம் எடுத்தார்கள், பாசிட்டிவ். மறுபடி ரத்தம் எடுப்பார்கள். ஆன்டிபாடி அளவு இயல்பான உச்சவரம்பைப் போலப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு முறை எடுத்த ரத்தத்தில் எண்டோமைசியல் ஆன்டிபாடி என்ற இன்னொரு ஆன்டிபாடியும் தெரிந்தால், குழந்தைகளுக்கு பயாப்ஸி இல்லாமலே உறுதிசெய்யலாம் என்கின்றன ஐரோப்பிய வழிகாட்டுதல்கள். அளவு குறைவாக இருந்தால் மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோப்பி. அதில் குடல் நன்றாக இருப்பதாக வந்தால் இன்னும் சங்கடம்: பத்தியம் தொடங்குவதா, காத்திருப்பதா? இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு ஆன்டிபாடி தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு. குடல் கெட்டிருக்கிறது என்று வந்தாலோ, வலி எதுவும் இல்லாத பிள்ளையிடம் இனிமேல் பிறந்தநாள் கேக்கைத் தொடக் கூடாது என்று சொல்ல வேண்டும். வலி இருந்தவருக்குப் பத்தியத்தின் பலன் சில வாரங்களில் தெரியும், அதனால் விடாமல் இருப்பார். எதுவுமே தெரியாதவர் எதை நம்பி இருப்பார்?

இன்னொரு சிக்கல், இந்த நோய் எந்த வயதிலும் தொடங்கலாம். 5 வயதில் நெகட்டிவ் என்பது 25 வயதுக்கு உத்தரவாதம் இல்லை. எனவே ‘எல்லோருக்கும் ஒருமுறை’ என்று முடித்துவிட முடியாது. எத்தனை முறை, எந்த எந்த வயதில் என்ற கேள்வி கூடவே வரும்.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் நல்லதா?

நல்லதாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றுவது போதாது, சான்று வேண்டும். பின்லாந்தில் ஒரு சின்ன, ஆனால் கவனமான பரிசோதனை நடந்தது, 2014-இல் வெளியானது. ஸ்க்ரீனிங்கில் சிக்கிய, தொந்தரவு எதுவும் இல்லை என்று நினைத்திருந்த 40 பெரியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் குளூட்டனை விட்டார்கள், பாதிப் பேர் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து, விட்டவர்களின் குடல் தேறியிருந்தது. வயிற்றுத் தொந்தரவும் பதற்றமும் குறைந்திருந்தன. தொந்தரவே இல்லை என்றவர்களுக்கு எப்படிக் குறையும்? நாள்பட்ட உபாதையை இயல்பு என்றே எடுத்துக்கொண்டு பலர் வாழ்ந்துவிடுகிறார்கள். ஒன்றில் மட்டும் வழக்கம்போலச் சாப்பிட்டவர்களே முன்னால் நின்றார்கள்: நாலு பேரோடு கலந்து பழகும் வாழ்க்கை. வெளியே சேர்ந்து சாப்பிடப் போக முடியாதவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

மரணத்தைப் பற்றிய சான்று இன்னும் கலங்கலாக இருக்கிறது. மேலே சொன்ன விமானப்படை ஆய்வில், கண்டுபிடிக்கப்படாமல் போனவர்களிடையே இறப்பு ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தது. ஆனால் அப்படிச் சிக்கியவர்கள் மிகச் சிலர். வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் இறப்பு கூடியதாகத் தெரியவில்லை. இதையெல்லாம் எடைபோட்ட அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, நோய்க்குறி இல்லாதவர்களைச் சோதிப்பதில் நன்மை அதிகமா தீமை அதிகமா என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்று 2017-இல் அறிவித்தது. ‘சோதிக்காதே’ என்று அது சொல்லவில்லை, இதைப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இத்தாலி வேறு முடிவு எடுத்தது. 2023 செப்டம்பரில் அந்த நாடு ஒரு சட்டமே போட்டது: 1 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடையே முதல் வகை நீரிழிவுக்கும் செலியாக் நோய்க்கும் தேசிய அளவில் ஸ்க்ரீனிங். இரண்டையும் சேர்த்தது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். இரண்டும் தன்னுடல் தாக்கு நோய்கள், மரபணுப் பின்னணியும் ஓரளவு பொதுவானது, ஒரே ரத்த மாதிரியில் இரண்டையும் பார்த்துவிடலாம். நான்கு மாநிலங்களில் முன்னோட்டத்துடன் தொடங்கினார்கள். சிக்கிய பிள்ளைகள் பத்தியத்தில் எவ்வளவு நாள் நிற்கிறார்கள், வளர்ந்த பிறகு எலும்பும் உயரமும் எப்படி இருக்கின்றன என்பதெல்லாம் தெரிய வருடங்கள் ஆகும். அந்த விடைகளுக்காக நானும் ஆவலோடு காத்திருக்கிறேன். அதுவரை, எல்லோரையும் சோதிப்பது தப்பு என்றோ கட்டாயம் என்றோ அடித்துச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று ஏற்கெனவே தெரியுமோ, அவர்களையே நாம் இன்னும் ஒழுங்காகச் சோதிப்பதில்லை. செலியாக் உள்ளவரின் நெருங்கிய ரத்த சொந்தம், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், டவுன் அல்லது டர்னர் குறைபாட்டோடு பிறந்தவர்கள், தைராய்டில் தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தசோகை, நின்றுபோன வளர்ச்சி, சிறுவயதில் எலும்பு மெலிவு, காரணமின்றி உயர்ந்த கல்லீரல் நொதிகள். இவர்களுக்கு இந்த ரத்தச் சோதனையை எழுதிக்கொடுக்க எந்த விவாதமும் தேவையில்லை. மேலே போட்ட கணக்கும் இவர்கள் பக்கம்தான்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் டிடிஜி ஐஜிஏ சோதனையோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். செலியாக் உள்ளவர்களில் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகையே உடம்பில் உற்பத்தியாகாது. அவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் சோதனை நெகட்டிவ் என்றே வரும்.

சோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். இணையத்தில் படித்துவிட்டு நிறுத்திப் பார்ப்பவர்கள் ஏராளம். நிறுத்தினால் ஆன்டிபாடி குறைந்துகொண்டே போகும், குடலும் ஆறத் தொடங்கும், நோய் இருந்தும் இல்லை என்று வரும். ஏற்கெனவே பல மாதம் நிறுத்திவிட்டவர்கள் முதலில் மரபணுச் சோதனை செய்துகொள்ளலாம். அதற்கு என்ன சாப்பிடுகிறோம் என்பது ஒரு பொருட்டே இல்லை. டிகியூ2, டிகியூ8 இரண்டும் இல்லையென்றால் செலியாக் பற்றிய கவலையை ஏறக்குறைய விட்டுவிடலாம். இருந்தால், மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் மறுபடி குளூட்டன் சாப்பிட்டுவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். உண்மையாகவே நோய் உள்ளவருக்கு அந்த வாரங்கள் படுத்தி எடுத்துவிடும், பாதியில் கைவிடுபவர்களும் உண்டு.